கேளாமல் சொன்ன தீர்ப்பு

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். பிரயாணத்தில் இருந்த ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை ஏது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடுமையாகக் கோபித்தார்கள். அந்த மனிதரின் சாவை அவர்கள் தலையிலேயே சுமத்தினார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

அந்தத் தோழர்கள் செய்த குற்றம் என்ன? அவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். அவர்கள் சொன்ன சட்டமும் பொதுவாகச் சரியான சட்டமே. ஆயிரம் பேருக்குப் பொருந்துவதை, ஆயிரத்தில் ஒருவராக நின்றவர் மீது, அவருடைய காயத்தைப் பாராமலே சுமத்திவிட்டார்கள். தெரியாமலிருந்தது அவர்கள் பிழையன்று. தெரிந்தவர்போல் தீர்ப்புச் சொன்னதே பிழை.

ஊரில் யாருக்கும் இல்லாத நோய் ஒருவருக்கு வந்து, அது ஆயுள் முழுதும் நீடிக்குமானால் அவருக்கு நம்மிடம் என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த நிகழ்ச்சியில் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

உதாரணத்திற்கு ஒரு நோயைப் பார்ப்போம். நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக, வளைந்து கொடுக்கும் தன்மையுடன் இருக்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே அவை அரிவாள் போல் வளைந்து விறைத்துப் போகும். நுண்ணிய இரத்தக் குழாய்களில் அவை அடைத்துக்கொள்ளும்போது கையிலும் காலிலும் முதுகிலும் நெஞ்சிலும் தாங்கொணா வலி எழும். சோகை பிடிக்கும், கண் மஞ்சளிக்கும், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். இதை அரிவாள் செல் சோகை என்கிறார்கள். நம் நாட்டில் இந்த இரத்தக் குறை இருப்பது முதன்முதலில் 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவருமே இதன் கூறைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சுமப்பவர்களோ வெளிக்கு நலமாகவே இருப்பார்கள்.

இனி, கொல்லிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் அந்த மலையில் திண்ணனூர் நாடும் ஒன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் திண்ணனூர் நாட்டில் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண் மஞ்சளித்தால் காமாலை என்று பத்தியம் போடுவார்கள். மூட்டு வலித்தால் வாதம் என்று எண்ணெய் தேய்ப்பார்கள். அடிக்கடி படுத்துக்கொண்டால், பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்கிறான் என்பார்கள். வலி கண்ணுக்குத் தெரியாதல்லவா! ஊசி போட்டவர்களும், பத்தியம் சொன்னவர்களும், ஏசியவர்களும் தத்தம் அளவில் நியாயமாகவே நடந்தார்கள். இது நமக்குத் தெரியாத ஒன்று, தெரிந்தவரிடம் அனுப்புவோம் என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை. காயம்பட்ட அந்த மனிதரின் கதை திரும்பவும் நடக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஒரு டாக்டர் காலைப் பொழுதில் எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அபூர்வ நோய் கொண்ட ஒருவருக்கு அரை மணி கொடுத்தால், வாசலில் நிற்பவர்களின் நேரம் பறிபோகாதா? பொதுப்பணம் பலருக்குப் பயன்படுவதுதானே நீதி? இது வீண் வாதமன்று. அரசாங்கமும் இக்கேள்வியை எதிர்கொண்டது. 2021-ல் அரிய நோய்களுக்கென ஒரு தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. 2022-ல் அதன் உதவி 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அதற்குரிய உயர் மையங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் ஆயுள் முழுதும் வைத்தியம் வேண்டிய பிள்ளைக்கு ஒரு வரம்புள்ள தொகை எத்தனை நாள் வரும்? பணத்துக்கு எல்லை உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கவனம் என்பது பணமன்று. 'அபஸ' சூராவின் தொடக்கம் இறங்கிய சந்தர்ப்பத்தைச் சிந்தியுங்கள். குறைஷித் தலைவர்கள் இஸ்லாத்துக்கு வந்தால் ஒரு சமூகமே வரும் என்ற ஆவலுடன் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களிடம் பேசிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் எதையோ கற்றுக்கொள்ள வந்து குறுக்கிட்டார்கள். நாயகத்தின் முகம் சற்றே சுளித்தது. அந்தப் பார்வையற்றவர் அதைக் கண்டிருக்கவும் முடியாது. அல்லாஹ்வோ அதைக் கண்டு, தன் ஹபீபுக்கே உணர்த்தினான். பலரின் நன்மையைக் கருதித்தான் என்றாலும், தேடி வந்த ஒருவரைவிட்டு முகம் திருப்புவதை ரப்புல் ஆலமீன் அனுமதிக்கவில்லை. நோயாளியின் பேச்சைக் கேட்பது, வலியென்றால் நம்புவது, தெரியாததைத் தெரியாது என்பது, தெரிந்தவரிடம் விவரமாகக் கடிதமெழுதி அனுப்புவது ஆகியவற்றுக்கு லட்சங்கள் வேண்டாம்.

தேர்ந்தவரைத் தேடுவது தவக்குலுக்கு மாறானதென்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. காயம்பட்ட ஒருவருக்காக இரண்டு வைத்தியர்கள் அழைக்கப்பட்டபோது, உங்களில் வைத்தியத்தில் சிறந்தவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததாக முவத்தா கிரந்தம் அறிவிக்கிறது. ஹஜ்ரத் ஸஃது (ரலி) அவர்கள் நோயுற்றபோது, தகீஃப் கூட்டத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படி சொல்லியனுப்பினார்கள். வைத்தியத்தைப் பர்ளு கிபாயா என்கிறார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அதாவது சமூகத்தில் போதிய பேர் அதைக் கற்காவிட்டால் எல்லோருமே குற்றவாளிகள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், ஒரு கிராமத்து ஆண்கள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்துபோவதைத் தம் நூலில் குறித்து வைத்தார்கள். இன்று ஹீமோபீலியா எனப்படும் நோயின் ஆதிக் குறிப்புகளில் அதுவும் ஒன்று. ஏதோ ஒரு கிராமத்தின் நோய்தானே என்று அந்த மேதை அலட்சியம் செய்யவில்லை.

நிபுணர் என்பவர் மருந்து எழுதுபவர் மட்டுமல்லர். வலிப்பு நோயால் விழுந்துவிடும் ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்த சம்பவம் புகாரியில் உள்ளது. பொறுத்தால் சுவர்க்கம், வேண்டுமானால் குணமடையத் துஆ என்று அவருக்கு இரு வழிகள் சொல்லப்பட்டன. அந்த அம்மையார் நோயைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் விழும்போது தம் ஆடை விலகாமலிருக்கத் துஆ செய்யும்படி வேண்டினார். நாயகமும் அதற்காகவே துஆ செய்தார்கள். தீராத நோயில் அந்த நோயாளியை எது அதிகம் வருத்துகிறதென்று மற்றவர்கள் தாமாக முடிவு கட்ட முடியாது. அவரிடமே கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்க ஆளிருந்தால் நிலை மாறும் என்பதற்கு நீலகிரியின் கூடலூர் சாட்சி. 1990-ல் தொடங்கிய அங்குள்ள ஆதிவாசி ஆஸ்பத்திரியில், மலைவாழ் மக்களே பயிற்சி பெற்றுச் சுகாதார ஊழியர்களாகி, தம் மொழியிலேயே விசாரித்து, வீடு தேடிப் போகிறார்கள். அரிவாள் செல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகளும், காய்ச்சல் கண்டதும் ஓடிவரும் பழக்கமும் இந்நோயாளியின் துன்பத்தை வெகுவாகக் குறைக்கக் கூடியவை. 2023 ஜூலை முதல் மலைவாழ் மக்களிடையே இந்நோயைச் சோதித்தறியும் தேசிய இயக்கமும் நடந்து வருகிறது. தமிழகமும் அதில் உண்டு. நாமக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் சோதனைச் சீட்டு வேறு, பராமரிப்பு வேறு. சீட்டை வாங்கியவனின் வலியை அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஒருவர் கேட்டாக வேண்டும்.

இது மலையிலுள்ளவர்களின் விவகாரம் என்று நம் வீடுகள் ஒதுங்கிவிட வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமைக்கு மார்க்கம் மதபேதம் வைக்கவில்லை, ஸதகாவுக்கும் அப்படியே. தவிர, நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் பரம்பரை நோய்கள் வெளிப்பட வாய்ப்பு அதிகம். சொந்தத்தில் மணமுடிப்பது ஆகுமானதே தவிரக் கடமையன்று. குடும்பத்தில் இத்தகைய நோய் இருந்தால் நிகாஹுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் வெட்கமில்லை.

நோயாளி உள்ள வீட்டார், எப்போது வலி வந்தது, என்ன மருந்து கொடுத்தோம், எந்த டாக்டர் என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது டாக்டர் முன் அதுவே பேசும். ஆஸ்பத்திரிக்குத் தனியே அனுப்பாமல் ஒருவர் துணை போங்கள். பெற்ற தாயைப் பழிக்காதீர்கள். உடலில் நீர் வற்றினால் அரிவாள் செல் நோயாளிக்கு வலி கிளம்பும், குளிரும் கிளப்பும். ஆகவே நோன்பு விஷயத்தில் டாக்டரிடமும் ஆலிமிடமும் சேர்த்தே கேளுங்கள். நோயாளி பிற்படுத்திக்கொள்ளலாம், தீரும் நம்பிக்கையற்ற நோயாளிக்குப் பித்யா உண்டு. ஒளுவுக்கு வெந்நீர் வைத்துக்கொடுங்கள். தண்ணீரே தீங்காகுமானால் தயம்மும் இருக்கிறது. தலையில் காயம்பட்டவருக்கு மறுக்கப்பட்ட அந்தச் சலுகையை நம் வீட்டு நோயாளிக்கு நாமும் மறுத்துவிடக் கூடாது.

நோயுற்ற அடியானைப் பார்க்கப் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாயே என்று மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்பது நாம் அறிந்ததே. பார்க்கப் போவதென்றால் பழத்தை வைத்துவிட்டுத் திரும்புவதன்று. அவர் சொல்வதைக் கேட்பதும், தெரியாததைத் தெரிந்தவரிடம் விசாரித்து வந்து சொல்வதும் அதில் சேரும். அறியாததைக் கேட்டறியும் பணிவையும், நோயாளியின் சொல்லை நம்பும் உள்ளத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.