அறையின் மறுபாதி

"மாமா, நான் சுத்தமா இருக்கிற ஆளா, இல்லையா?"

அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகள் ஒரு ஜூன் மாத இரவில் போனில் இப்படிக் கேட்டாள். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் விடுதிக்குப் போக வேண்டும். அதற்குள் நிரப்பி அனுப்பவேண்டிய ஒரு படிவம் அவள் முன்னால் திறந்திருந்தது. எத்தனை மணிக்குத் தூங்குவாய், எப்போது எழுந்திருப்பாய், படிக்கும்போது பாட்டு ஓடலாமா, அறைக்குச் சிநேகிதர்கள் வந்துபோவது பிடிக்குமா, உன் பொருளை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தலாமா, அறை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். அந்த எண்களை வைத்து, ஓராண்டு முழுக்க அவளோடு ஒரே அறையில் படுத்து எழப்போகிற இன்னொரு பெண்ணைக் கல்லூரி தேடித் தரும்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் அறை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். அதைப் பெருக்குவதும் துணி மடித்து வைப்பதும் என் அக்கா. காலையில் எழுப்பிவிடுவதும் அக்காதான். இப்படி வளர்ந்த பிள்ளையிடம் உன் பழக்கம் என்ன என்று கேட்டால், அது சொல்வது வீட்டின் பழக்கத்தை. வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு அதில் எவ்வளவு மிஞ்சும் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவள் கடைசியில் 'நான்கு' என்று போட்டாள். எதற்கு நான்கு என்றேன். "அஞ்சுன்னா பயந்துடுவாங்க மாமா" என்றாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு இந்த விஷயம் என்னை விடவில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடித் தேடிப் படித்தேன்.

ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போதே, நாளை உன் அறையில் இருக்கப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுது என்கிறார்கள். டேவிட்சன் கல்லூரி மயர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைச் சோதனையை வைத்துப் பொருத்தம் பார்த்திருக்கிறது. ஆனால் என் மனதில் அதிகம் நின்றது நியூ ஹாம்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரி 1990-களில் கையாண்ட முறை. அங்கே நான்கே கேள்விகள்: புகைபிடிப்பாயா, படிக்கும்போது பாட்டு கேட்பாயா, இரவில் வெகுநேரம் விழித்திருப்பாயா, ஒழுங்காக வைத்துக்கொள்கிறவனா அலங்கோலமாகப் போட்டுவைக்கிறவனா. ஒரே மாதிரி பதில் சொன்னவர்களின் தாள்களை ஆண், பெண் என்று தனித்தனிக் கட்டுகளாகச் சேர்த்து, கட்டுக்குள் கலைத்துப்போட்டு அறை ஒதுக்கினார்கள். உன் தகப்பனார் என்ன சம்பாதிக்கிறார், எந்தக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போவாய், எந்த ஊர் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடம் இல்லை. உடம்புக்கு என்ன வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்ட அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் குலுக்கலில் ஒரு வாய்ப்பு இருப்பதை புரூஸ் சாசர்டோட் என்ற பொருளாதார அறிஞர் கண்டுகொண்டார். சேர்க்கை சரியில்லாமல் பையன் கெட்டுப்போனான் என்று நாம் சொல்கிறோம். ஆனால் பையன் தானாகத் தேடிப்போய்ச் சேர்ந்த சேர்க்கையா, சேர்க்கை அவனை மாற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கலில் விழுந்த அறைத்தோழன் விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. 2001-இல் வெளிவந்த அவர் ஆய்வு சொன்னது இது: பக்கத்துக் கட்டிலில் இருப்பவனின் மதிப்பெண் நம் மதிப்பெண்ணைச் சிறிதளவு அசைக்கிறது, எந்த மாணவர் சங்கத்தில் சேர்வது என்பதில் அறைத்தோழர்களின் பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது, எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் தெரியவில்லை.

பின்னாளில் 2019-இல் நோபல் பெற்ற மைக்கேல் கிரேமர், டான் லெவியோடு சேர்ந்து, இப்படிக் குலுக்கலில் அறை ஒதுக்கிய இன்னொரு பல்கலைக்கழகத்தை ஆராய்ந்தார். கல்லூரிக்கு வருமுன்பே குடிப்பழக்கம் இருந்த அறைத்தோழன் வாய்த்த ஆண் மாணவர்களுக்கு, நான்கு புள்ளிக்குப் போடும் சராசரி மதிப்பெண்ணில் கால் புள்ளி குறைந்திருந்தது. தானும் அடிக்கடி குடித்துக்கொண்டிருந்தவனுக்கு அதேபோன்ற இன்னொருவன் வாய்த்தபோது குறைந்தது மூன்றில் இரண்டு புள்ளி. ஒத்த பழக்கம் உள்ளவர்களைச் சேர்த்துவை என்பதுதானே படிவத்தின் அடிப்படை? அந்த இரண்டு பையன்களும் சண்டையே இல்லாமல் வாழ்ந்திருக்கலாம். ஆண்டுக் கடைசியில் திருப்தியா என்று கேட்டால் இருவருமே 'ஐந்து' போட்டிருக்கவும் கூடும்.

எல்லோர் விருப்பத்தையும் கேட்டுவிட்டால் எல்லோரையும் திருப்தியாகச் சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கைக்குக் கணக்கிலேயே ஒரு தடை இருக்கிறது. டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. ஆண்களையும் பெண்களையும் ஜோடி சேர்க்கும்போது, யாரும் யாரோடும் ஓடிப்போகத் தேவையில்லாத ஓர் ஏற்பாட்டை எப்போதும் கண்டுபிடித்துவிடலாம் என்று நிரூபித்தவர்கள், அறைத்தோழர் விஷயத்தில் அது நடக்காமல் போகலாம் என்று காட்டினார்கள். நான்கு பேர், இரண்டு அறைகள். முதலாமவனுக்கு இரண்டாமவனைப் பிடிக்கிறது, இரண்டாமவனுக்கு மூன்றாமவனை, மூன்றாமவனுக்கு முதலாமவனை. நான்காமவனை மூவருமே கடைசியில் வைக்கிறார்கள். எப்படிப் பிரித்தாலும் அந்த மூவரில் ஒருவன் நான்காமவனோடு போயாக வேண்டும். அப்படிப் போனவன் வெளியே வரத் துடிப்பான். அவனை வரவேற்க இன்னொருவன் தன் அறையை விட்டு வரத் தயாராக இருப்பான். அந்த நான்காமவனைப் பற்றிக் கட்டுரையில் வேறொன்றும் இல்லை. அவன் கணக்குக்குத் தேவையான ஓர் எழுத்து மட்டும். ஆனால் விடுதி நடத்துகிறவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும். எல்லா வருடமும் அவன் ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிறான்.

எனக்கும் அவனைத் தெரியும். பல வருடங்களுக்கு முன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனபோது எங்களுக்குப் படிவம் கிடையாது. மேற்படிப்பு மாணவர்களுக்கு விடுதியில் இடம் குறைவு. வெளியே அபார்ட்மெண்ட் எடுத்து நாலு பேராகத் தங்குவதுதான் வழக்கம். இந்திய மாணவர் சங்கத்துக்கு மெயில் போட்டு ஆள் தேடுவோம். இன்று அதே வேலை வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. 'வெஜ், சிகரெட் பழக்கம் இல்லாதவர், தமிழ் பேசுபவர்' என்று நாங்கள் போட்டோம். 'வெஜ்' என்ற சொல் சமையலறையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எழுதிய எங்களுக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும். மூன்று பேர் சேர்ந்துவிட்டோம். நான்காவதாக ஒருவன் எழுதினான். தமிழ்தான், எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம், எங்கள் துறையே. தான் மாட்டிறைச்சி சாப்பிடுவதாகவும், வீட்டில் சமைக்க மாட்டேன், வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றும் அவனே முன்கூட்டிச் சொல்லியிருந்தான். இடம் நிரம்பிவிட்டது என்று நான்தான் பதில் எழுதினேன். நிரம்பவில்லை. அடுத்த இரண்டு வாரம் நாலாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரே வகுப்பில் இரண்டு வருடம் அவனைப் பார்த்தேன். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்கள் நால்வரும் முறைவைத்துச் சமைத்தோம், ஒரே படங்களைப் பார்த்தோம், ஒருநாளும் மனம் கோணவில்லை. அவ்வளவு நல்ல பொருத்தம். அந்த இரண்டு வருடத்தில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது பாடத்தை மட்டும்தான்.

சமூக வலைத்தளங்கள் வந்த பிறகு அமெரிக்க மாணவர்களும் கல்லூரி திறக்குமுன்பே ஒருவரையொருவர் தேடிப்பிடித்து, நாங்களே ஜோடி சேர்ந்துவிட்டோம் என்று எழுதித்தரத் தொடங்கினார்கள். படத்தையும் பள்ளியையும் விடுமுறைக்குப் போன இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், தன் வீட்டைப் போன்ற இன்னொரு வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொருள். 2018-இல் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்கு அந்த வசதியை நிறுத்தியது. தங்களைப் போன்றவர்களோடே பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

முன்பின் தெரியாதவரோடு அறை ஒதுக்குவதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2010-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், கல்லூரிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு மாணவனின் அந்தரங்கத்தை அவன் அறைத்தோழன் வெப்கேம் வைத்துப் பார்த்தான். சில நாட்களில் அந்தப் பையன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த இருவரும் நேரில் சந்திக்குமுன்பே ஒருவரைப் பற்றி ஒருவர் இணையத்தில் தேடிப் படித்திருந்தார்கள். முன்கூட்டித் தெரிந்துகொண்டதில் மதிப்பு பிறக்கவில்லை. ஒரு தீர்ப்புதான் முதலில் வந்து அறையில் குடியேறியது. அங்கே கேட்டிருக்க வேண்டியதும் கற்பித்திருக்க வேண்டியதும் எந்தப் படிவத்திலும் இருந்திருக்காது.

நடாலி ஷூக், ரஸ்ஸல் ஃபேஸியோ என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை படித்தேன். வெள்ளை மாணவர்கள் சிலருக்குக் கறுப்பின அறைத்தோழர், சிலருக்கு வெள்ளை அறைத்தோழர் என்று குலுக்கலில் அமைந்தது. கலப்பு அறைகளில் இருந்தவர்களுக்கு மனநிறைவு குறைவு. சேர்ந்து கழித்த நேரமும் குறைவு. திருப்தியை அளக்கிற எந்த அதிகாரியும் அந்த அறைகளைத் தோல்வி என்றே குறித்திருப்பார். ஆனால் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும், யோசிக்க நேரம் கொடுக்காமல் மனதின் அனிச்சையான ஓட்டத்தைச் சோதித்தபோது, கறுப்பின மக்களைப் பற்றிய கசப்பு கலப்பு அறைகளில் இருந்த வெள்ளை மாணவர்களிடம் குறைந்திருந்தது. மற்ற அறைகளில் அந்த மாற்றம் இல்லை. ஒருவருக்கொருவர் அவ்வளவாக ஒட்டாமல், அதிகம் பேசிக்கொள்ளாமல், ஒரே விளக்கின்கீழ் சில மாதம் இருந்ததில் இது நடந்திருக்கிறது. இந்தப் பாரம் கறுப்பின மாணவர்கள்மேல் எப்படி விழுந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். இன்னொருவர் மனம் திருந்துவதற்காக யாரும் விடுதிக்கு வருவதில்லை.

தூக்கம், புகை, ஒவ்வாமை, உடல்நிலை என்பவற்றைக் கல்லூரி கேட்கட்டும். கேட்டே ஆக வேண்டும். அதைத் தாண்டிப் பொருத்தம் பார்க்கச் செலவிடும் அக்கறையை, வந்து சேர்ந்த பிறகு செலவிட்டால் நல்லது. பல விடுதிகளில் முதல் சில வாரங்களில் அறையில் இருப்பவர்களை உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் எழுதச் சொல்கிறார்கள். விளக்கை எப்போது அணைப்பது, விருந்தாளி வந்தால் முன்கூட்டிச் சொல்வதா, கோபம் வந்தால் நேரில் சொல்வதா, மெசேஜில் சொல்வதா. பலர் அதை அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தாள்தான் முக்கியமாகப் படுகிறது. அதை எழுதும்போது எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபரில் அக்கா மகளிடம் பேசினேன். படிவத்தில் இருவருமே இரவில் விழித்திருப்பவர்கள் என்றுதான் போட்டிருந்தார்கள். வந்த பிறகு அந்தப் பெண் படகுப் போட்டிக் குழுவில் சேர்ந்துவிட்டாள். விடிய ஐந்து மணிக்கே பயிற்சிக்குப் போக வேண்டும்.

"உனக்குத் தூக்கம் கெடலையா?"

"இல்ல மாமா. அவ லைட்டே போடறதில்ல. டிரஸ், ஷூ எல்லாம் ராத்திரியே பாத்ரூம்ல கொண்டுபோய் வெச்சிடறா. நான் கேக்கவே இல்ல."

"நல்ல சிநேகிதியா ஆயிட்டாளா?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்படியெல்லாம் இல்ல மாமா. சாப்பிடக்கூட தனித்தனியாத்தான் போறோம். ஆனா நான் இப்ப பதினோரு மணிக்கே ஹெட்ஃபோனைப் போட்டுக்கறேன். அப்பதானே அவ தூங்க முடியும்."