பேரேடும் பெட்டகமும்

அரசாங்கங்கள் மனிதரைக் கணக்கெடுப்பது பெரும்பாலும் அவர்தம் நலங்கருதியன்று. ஆயினும் அக்கணக்கே பிற்காலத்தில் அவர்தம் சந்ததியார்க்குச் சாசனமாகிவிடுவது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. அமெரிக்காவின் தென்கிழக்கு மலைநாட்டில் வாழ்ந்த செரோக்கி மக்கள், 1821-இல் செகோயா என்பார் வகுத்தளித்த எழுத்துமுறையால் சில ஆண்டுகளுக்குள்ளாகவே எழுத்தறிந்த சமூகமாகி, 1828-இல் சொந்தப் பத்திரிகையும் கண்டு, அதன்பின் பத்தே ஆண்டுகளில் பிறந்த மண்ணினின்றும் பலவந்தமாக மேற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டு, ஆயிரக்கணக்கில் மாண்டனர். எஞ்சியோர் வழிவந்தவர்களை, அவர்களுடைய பொது நிலத்தைத் துண்டாடும் பொருட்டே, டாஸ் கமிஷன் என்ற அரசாங்கக் குழு அந்நூற்றாண்டின் இறுதியில் பேரேட்டில் பதியத் தொடங்கிற்று. பெயர், வயது, குருதியின் விகிதம் (மாட்டுச் சந்தைக் கணக்குங்கூட இதனினும் சற்றுக் கனிவுடையது!) என வறட்சியாய் எழுதப்பட்ட அவ்வரிகளில்தான், ஒக்லஹோமாவின் சிற்றூர் நூலகங்களில் மைக்ரோபிலிம் சுருளைத் திருகியபடி, பேரப்பிள்ளைகள் தம் பாட்டியைத் தேடுகின்றனர்.

அவளை வீட்டார் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதைப் பேரேடு அறியாது; குடும்ப பைபிளின் முதல் ஏட்டில் மங்கிய மையும், நிழற்படத்தின் பின்புறத்துப் பென்சில் எழுத்துமே அறியும். அவ்விரண்டையும் பேரேட்டின் அருகிலேயே ஒரு பெட்டியிலிட்டுக் காக்கும் சிற்றூர் நூலகர், தலைநகரத்து ஆவணக் காப்பகத்தாலும் ஆகாத காரியத்தைச் செய்கிறார். செரோக்கி தேசத்தின் குடியுரிமையை நாடுவோரோ, அந்த டாஸ் பேரேட்டிலுள்ள மூதாதையர் ஒருவரை இன்றும் காட்டியாக வேண்டும்.