ஓபி சீட்டுக்காரருக்குப் பட்ட கடன்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி வேலப்பன்சாவடி, குமணன்சாவடி என்று போகும் வழியெங்கும் மருத்துவக் கல்லூரிகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் செவிலியர் கல்லூரிகளும்தான். தனியார் கிளினிக்கில் ரூட் கேனாலுக்கு ஆகும் செலவைக் கேட்டு மலைத்துப்போனவர்கள் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும் இங்கே வந்து ஓபி சீட்டு போடுகிறார்கள். கட்டணம் குறைவு. அதற்கு ஈடாக அவர்கள் தருவது பொறுமை. அரை மணியில் முடிகிற வேலைக்கு இரண்டு மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேண்டும். பழகாத கை ஒன்று பல்லைத் தொடும், நடுவில் நிறுத்தும், சாரைக் கூப்பிடும், மறுபடி தொடும். மாணவருக்கு முடிக்க வேண்டிய கோட்டா இருக்கிறது. இத்தனை பல் பிடுங்கல், இத்தனை அடைப்பு, இத்தனை பல்செட். இரு தரப்புக்கும் தெரிந்து நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. இதில் கள்ளம் இல்லை.

அதே நாற்காலியில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. அது ஒரு தரப்புக்கு மட்டுமே தெரியும். நோயாளியின் கேஸ் ஷீட் தரவாகிறது, தரவு ஆய்வுக் கட்டுரையாகிறது, கட்டுரை எண்ணிக்கையாகிறது, எண்ணிக்கை தரவரிசையாகிறது. இந்தப் படிகளில் எங்கே அறம் பிசகுகிறது என்பதே இங்குள்ள கேள்வி.

கேள்விக்குக் காரணம் உண்டு. 2023 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ், திரும்பப் பெறப்படும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ அமைப்புடன் சேர்ந்து வேலப்பன்சாவடியிலுள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. அந்தச் செய்தியின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வு ஒன்றில் உட்கார்ந்து, தாங்கள் செய்த ஆய்வைப் பற்றி 1,500 சொற்களில் கட்டுரை எழுதுகிறார்கள். பிறகு அது திருத்தப்பட்டு, அதே கல்லூரியினரின் பிற கட்டுரைகளுக்கான மேற்கோள்கள் சேர்க்கப்பட்டு இதழ்களுக்கு அனுப்பப்படுகிறது. 2022இல் மட்டும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஏறிய கல்லூரியின் கட்டுரைகள் சுமார் 1,400 என்றது அந்தச் செய்தி. தேசிய தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் 2022இலும் 2023இலும் பல் மருத்துவத்துக்கு முதலிடம் இதே கல்லூரிக்குத்தான். வந்தது ஒரு பத்திரிகை விசாரணை, தீர்ப்பு அல்ல. அந்த ஒரு கல்லூரியோடு பேச்சை முடித்துக்கொள்வதும் நியாயமாகாது. கட்டுரை இல்லாமல் பதவி உயர்வு இல்லை என்ற விதி செவிலியர் கல்லூரி ஆசிரியரையும் பார்மசி கல்லூரி ஆசிரியரையும் இதே வழியில்தான் தள்ளுகிறது.

இந்த ஏற்பாட்டுக்காக வாதாட வலுவான காரணங்கள் இருக்கின்றன. பிடிஎஸ் படிக்கும் பையனோ பெண்ணோ ஆராய்ச்சி என்ற சொல்லையே கேட்காமல் பட்டம் வாங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. ஆராய்ச்சி லண்டனிலும் பாஸ்டனிலும் நடப்பது, நாம் அதைப் படித்து ஒப்பிப்பது என்றிருந்த நிலையை மாற்ற, இருபது வயதிலேயே எழுதவைப்பது தப்பா? எழுத எழுதத்தானே எழுத்து வரும். ஒரே துறையில் தொடர்ந்து வேலை செய்கிறவர்கள் தங்கள் முந்தைய கட்டுரையைச் சுட்டுவதும் இயல்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பெண் தருகிறவன் எதை எண்ணுகிறானோ அதைத்தானே தேர்வு எழுதுகிறவன் பெருக்குவான்? பந்தயத்தின் விதியை வகுத்தவர்களை விட்டுவிட்டு ஓடுகிறவனைப் பிடிப்பானேன்?

இவற்றில் கடைசி வாதம்தான் மிகக் கனமானது. ஆனாலும் அது பழியைப் பங்கிடுகிறதே ஒழியக் கரைத்துவிடவில்லை. விதி கோணலாக இருப்பது, அதன்படி ஓடியவருக்குக் கிடைத்த பரிசைத் தகுதியாக்கிவிடாது. முதல் வாதமோ பாதி தூரம் வரைதான் வரும். எழுதப் பழக்குவது வேறு, எழுதியதை உலக அறிவின் கணக்கில் சேர்ப்பது வேறு. மாணவன் முதன்முதலாகச் செய்த பல்செட்டைப் பரிசோதிக்காமல் யார் வாயிலும் மாட்டுவதில்லை. முதல் கட்டுரைக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

இனி நோயாளி பக்கம் வருவோம். இந்த விவகாரத்தைப் பேசியவர்கள் மேற்கோள் கணக்கையும் தரவரிசையையும் பேசிய அளவு ஓபி சீட்டுக்காரரைப் பேசவில்லை. அதே கல்லூரியிலிருந்து வெளிவந்த பல கட்டுரைகளின் செய்முறைப் பகுதியைப் படித்தால் ஒரே தகவல் திரும்பத் திரும்ப வரும்: 2019 ஜூன் முதல் 2020 மார்ச் வரையிலான 86,000 நோயாளிகளின் பதிவுகள். அதிலிருந்து ஒரு கட்டுரை கடைவாய்ப் பல்லை எடுக்கும், இன்னொன்று ஈறை எடுக்கும், மற்றொன்று வயதையும் பாலினத்தையும் எடுக்கும். பெயர் நீக்கிய பழைய பதிவுகளை ஆராய, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் வாங்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலே அதற்கு இடம் தருகிறது. ஆகவே சட்டப்படி குறை சொல்ல எதுவும் இல்லாமல் இருக்கலாம். யார் உடம்பிலும் கீறல் இல்லை. பிறகென்ன நஷ்டம்?

பல் மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றில் இதற்கு நேரெதிரான ஒரு சம்பவம் உண்டு. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தை ஒட்டிய விபேஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940களின் பிற்பகுதியில் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகச் செய்த டாஃபியை உணவுக்கு நடுவே வேண்டுமென்றே கொடுத்தார்கள். பலருக்குப் பல் சொத்தையாகிக் கொட்டியது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. 1954இல் வெளியான முடிவு இன்றும் நிற்கிறது: எவ்வளவு சர்க்கரை தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும் வடிவில் தின்கிறோம் என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது. சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் ஸ்வீடன் வீடுகளில் பரவியது அதன் பிறகுதான். பெரும் கொடுமையிலிருந்து பெரும் பயன் வந்தது.

அங்கே மனிதரை வதைத்து அறிவு பெற்றார்கள். இங்கே யாரையும் வதைக்கவில்லை, அறிவும் பெரிதாகப் பெறவில்லை என்றால் கணக்கு நேராகிவிட்டதா? இல்லை என்றே படுகிறது. விபேஹோல்ம் எந்த வகையிலும் மன்னிக்கத்தக்கதல்ல. இரண்டும் ஒரே தராசில் நிற்கவும் நிற்காது. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நோயாளி இன்னொருவரின் காரியத்துக்குச் சரக்கானார். வேலப்பன்சாவடிக்கு வந்தவர், தன் பல்லைப் பற்றிய குறிப்பு எங்கோ ஒரு பீரோவில் இருக்கும், தேவைப்பட்டால் தன்னைப்போன்ற இன்னொருவருக்கு உதவும் என்று நம்புவார். அவர் வாய்விட்டுச் சொல்லாத அந்த நம்பிக்கைதான் சம்மதமே கேட்காமல் பதிவைப் புரட்டும் உரிமைக்கு அடிப்படை. கேள்வி அவரிடமிருந்து பிறந்து, விடை அவரைப்போன்றவரிடம் திரும்பினால் கடன் தீர்ந்தது. கேள்வி தரவரிசையிலிருந்து பிறந்து விடையும் அங்கேயே போய்ச் சேர்ந்தால், நெறிமுறைக் குழுவின் முத்திரை இருந்தாலும் கடன் நிலுவையில்தான் இருக்கிறது.

கடன் எப்படித் தீரும் என்பதற்கு உதாரணம் தேடி ஸ்வீடன்வரை போக வேண்டாம். 1930களில் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் ஷார்ட். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பல்லில் கறை படிந்து, முதுகும் மூட்டும் விறைத்து, நடுத்தர வயதிலேயே முடங்கிப்போன விவசாயிகளை அவரும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்தார்கள். குடிக்கும் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1937இல் எழுதினார்கள். கேள்வி ஊர்க்காரர்களின் உடம்பில் இருந்தது. விடை அவர்கள் கிணற்றில் இருந்தது. இன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் குழந்தைகளின் பல் கறையைப் பார்த்ததும் தண்ணீரைச் சோதிக்கச் சொல்ல முடிவது அந்த வழியில் வந்த அறிவால்தான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓபிகளிலும் அத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு அரசு 2013 முதல் குட்காவைத் தடை செய்துவருகிறது. ஆனாலும் வாய் திறக்கவே முடியாமல் இறுகிப்போனவர்கள், கன்னத்தில் வெள்ளைத் திட்டோடு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. கட்டடத் தொழிலாளி மாவாவை எப்போது மெல்லத் தொடங்குகிறார், எதைக் கண்டால் விடுவார்? பிடுங்கச் சொல்லி வந்தவர் பல்லைக் காப்பாற்றலாம் என்றாலும் ஏன் மறுக்கிறார், பணமா, லீவு கிடைக்காததா? இரண்டாம் தடவை வரச்சொன்னால் ஏன் வருவதில்லை? இவற்றுக்கு விடை காண நான்கு மணி நேரம் போதாது, ஒரு மாணவன் ஐந்து வருஷமும் ஒரே கேள்வியோடு இருக்க வேண்டியிருக்கும். கையில் கிடைத்த வகுப்புத் தோழர்களுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, ஒரு வாரத்தில் ‘விழிப்புணர்வு’ ஆய்வு முடித்துவிடும் பழக்கம் வசதியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பல்லைப் பற்றிய விழிப்புணர்வு இருக்கிறது என்று கண்டறிய ஒரு கல்லூரி வேண்டுமா?

மாணவர்மேல் பழி போடுவது இதில் மிகப் பெரிய அநியாயம். தேர்வு எழுதச் சொன்னால் எழுதுவார்; மேற்கோள் சேர்க்கச் சொன்னால் சேர்ப்பார். இருபது வயதில் அவர் கற்றுக்கொள்ளும் பாடம்தான் கவலை தருவது. ஐயம் தோன்றும் முன்பே முடிவுரை எழுதலாம், படிக்காத கட்டுரையைப் படித்ததுபோல் சுட்டலாம் என்று பழகிய கை நாளை ஒரு எக்ஸ்ரேயையும் அப்படியே பார்க்குமானால், அந்த நஷ்டத்தை எந்தப் பட்டியலும் காட்டாது.

2025 பட்டியலில் என்.ஐ.ஆர்.எஃப். ஒரு மாற்றம் செய்தது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் திரும்பப் பெறப்படுவது பெரும்பாலும் பொய்யோ பெரும்பிழையோ உள்ள கட்டுரை. பொய்யும் இல்லாமல் பயனும் இல்லாமல், யாரும் கேட்காத கேள்விக்கு யாருக்கும் தேவைப்படாத விடை சொன்ன கட்டுரையை எவரும் திரும்பப் பெறப்போவதில்லை. அது பட்டியலில் ஒரு எண்ணாக நிலைத்திருக்கும். அதைத் தடுக்கப் பட்டியல்காரர்களால் ஆகாது. கல்லூரிக்குள்ளேயே யாராவது தடுக்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் மருத்துவரல்லாத பொது உறுப்பினர் ஒருவர் உட்கார வேண்டும் என்று விதியே இருக்கிறது. இந்த ஆய்வின் முடிவை ஓபியில் காத்திருக்கும் எவரிடம், எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று அவர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கேட்கலாம். பதில் வராத விண்ணப்பத்தில் கையெழுத்திடாமல் இருக்கலாம். அப்படிச் செய்தால் ஆண்டுக்கு ஆயிரம் கட்டுரை போட்ட கல்லூரி நூறோடு நின்றுவிடலாம், தரவரிசையில் சில படிகள் இறங்கவும் நேரலாம்.