பார்த்தவர்களின் கடன்

ஒருவர் ஆபத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டால், பார்த்தவருக்கு அதனால் ஏதாவது கடமை வந்து சேர்கிறதா? தெருவில் நடப்பதைப் பற்றிக் கேட்டால் யாரும் தயங்காமல் ஆம் என்பார்கள். அடுத்த வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டதும் சன்னலைச் சாத்திக்கொள்பவர்களை நமக்குத் தெரியும். அவர்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதும் தெரியும். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம்மைப் பார்ப்பவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அரசுகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. 1999இல் வியன்னாவில் நடந்த ஐ.நா. விண்வெளி மாநாட்டைத் தொடர்ந்து, ஐரோப்பிய விண்வெளி முகமையும் பிரான்சின் விண்வெளி முகமையும் பேரிடர்களுக்கென்று ஒரு சாசனத்தைத் தொடங்கின. 2000 அக்டோபரில் கனடா சேர்ந்தது, அடுத்த ஆண்டு இஸ்ரோ. வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று ஏதாவது நேர்ந்தால், அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பு அழைத்தால் போதும். அழைப்பை எடுக்க இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் உண்டு. உறுப்பு முகமைகள் தங்கள் செயற்கைக்கோள்களை அந்த இடத்தைப் படமெடுக்க ஏவி, கிடைக்கும் படங்களைக் காசு வாங்காமல் கொடுக்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, ஜப்பான் எல்லோரும் இதில் இருக்கிறார்கள். வேறு எந்த மேசையிலும் இவர்கள் இவ்வளவு சுலபமாகச் சேர்ந்து உட்கார்வதில்லை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தச் சாசனத்தின் வழியாகவும் படங்கள் வந்தன. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, எந்தக் கரை அழிந்தது என்று அவற்றில் பார்க்க முடிந்தது. ஆனால் கடலூரில் இறந்தவர்களில் 391 பேர் பெண்கள், 146 பேர் ஆண்கள் என்ற கணக்கு வானத்திலிருந்து வரவில்லை. தரையில் எண்ணியவர்கள் சொன்னார்கள், 2005இல் ஆக்ஸ்பாம் அதை வெளியிட்டது. ஆழ்கடலில் படகில் இருந்தவர்களுக்கு அடியில் அலை நழுவிப் போய்விட்டது. மீனை வாங்கித் தரம்பிரித்து விற்பதற்காகப் பெண்கள் கரையில் காத்து நின்றார்கள். கரை படத்தில் விழும். கரையில் யார், எதற்காக நிற்கிறார்கள் என்பது எந்தப் படத்திலும் விழாது.

இங்கே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. என்னைப் பார்ப்பதற்கு முன் என்னைக் கேட்க வேண்டாமா? 1972இல் முதல் லேண்ட்சாட் மேலே போனதுமே இந்தப் பேச்சு ஐ.நா.வில் தொடங்கிவிட்டது. (அதன் பலவண்ண வருடியை வடிவமைத்தவர் விர்ஜீனியா நார்வுட் என்ற பொறியாளர். பெண் செய்த கண் என்பதால் அது பெண்களைப் பார்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.) பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகள் முன்அனுமதி வேண்டும் என்றன. பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாதாடி, 1986 டிசம்பர் 3 அன்று ஐ.நா. பொதுச்சபை 15 கோட்பாடுகளை ஏற்றபோது முன்அனுமதி காணாமல் போயிருந்தது. பதிலுக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. பார்க்கப்பட்ட நாடு தன்னைப் பற்றிய தரவைப் பாகுபாடின்றி, நியாயமான விலைக்குப் பெறலாம். இயற்கைப் பேரிடர் வரப்போவதைக் கண்டவர் அந்த நாட்டுக்குச் சீக்கிரம் சொல்ல வேண்டும்.

கவனித்துப் படித்தால், கோட்பாடுகள் முழுக்கப் பேசிக்கொள்வது நாடும் நாடும்தான். பெண்ணைக் கேட்காமல் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்த சம்பந்தம் மாதிரி. என் நாட்டிடம் சொன்னால் என்னிடம் சொன்னதாக ஆகிவிடுகிறது. குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ரேஷன் அட்டையிலிருந்து நிலப் பட்டாவரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இப்படிச் செய்தி வாசலோடு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1991 ஏப்ரல் 29 காட்டியது. வங்கதேசத்தின் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலைச் செயற்கைக்கோள்கள் முன்பே பார்த்துவிட்டன. எச்சரிக்கையும் விடப்பட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,38,000 பேர். 20 முதல் 44 வயதுக்குள், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தார்கள், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். எச்சரிக்கை கடைத்தெருவுக்கு வந்தது, ஆண்கள் நின்று பேசும் இடங்களுக்கு வந்தது. வீட்டுக்குள் இருந்தவள் கணவன் சொல்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட முடியவில்லை. புறப்பட்டாலும், அந்நிய ஆண்கள் நிறைந்த புகலிடத்தில் எங்கே உட்காருவது? பார்த்ததில் குறையில்லை. செய்தியும் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் அந்நாட்டின் புயல் ஆயத்தத் திட்டம் பெண் தொண்டர்களைப் பெருமளவில் சேர்த்தது. வீட்டுக்குள் நுழைந்து பேசக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இதனால்தான், மேலிருந்து பார்ப்பது எல்லாமே ஆதிக்கம், வேண்டாம் என்று சொல்லும் தோழிகளோடு எனக்குக் கருத்து வேறுபாடு. எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பார்வையைக் கடவுள் வித்தை என்று 1988இல் டோனா ஹாராவே விமர்சித்தார். அந்த விமர்சனம் சரி. அதிலிருந்து பார்க்கவே கூடாது என்ற முடிவுக்கு நான் போகமாட்டேன். பாதுகாப்புக்காக என்று சொல்லி நம்மைக் கண்காணிக்கிற அண்ணன்களையும் விடுதிக் காப்பாளர்களையும் நாம் அறிவோம். அவர்களிடம் நாம் கேட்பது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியா? நீ பார்த்ததை நானும் பார்க்க வேண்டும், நீ சொல்வது தப்பென்றால் தப்பு என்று சொல்ல எனக்கு இடம் வேண்டும் என்றுதானே?

அந்த இடம் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசாரின் தரவும் எல்லோருக்கும் பொது என்பதுதான் ஏற்பாடு. மேகம் இருந்தாலும் இருட்டாக இருந்தாலும் அதன் ரேடார் பார்க்கும். 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பும்.

இவ்வளவு கண்கள் இருந்தும் அந்தப் பேரிடர் சாசனம் வறட்சிக்கு வருவதில்லை. திடீரென்று நிகழ்வதுதான் அதன் கணக்கில் பேரிடர். போருக்கும் வராது. அவசரத்துக்கான ஏற்பாடு என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், மெதுவாக வருகிற கேட்டை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால் குடமும் இடுப்புமாகத்தான் தெரிகிறது.

நான் பாடம் நடத்தும் பெண்கள் கல்லூரியில் ஒரு மாணவி, ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி, தன் ஊர்க் கண்மாயை லேண்ட்சாட் படங்களில் தேடினாள். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். செடிகொடிகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் என்பதை வைத்து எங்கே எவ்வளவு பச்சை என்று கணக்கிடுவார்கள். அவள் கணக்கில், கோடையிலும் கண்மாய் முழுக்கச் செழிப்பான பச்சை. சந்தோஷமாக ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் காட்டியிருக்கிறாள்.

"பச்சையெல்லாம் சீமைக் கருவேலம்டி. கம்மாயில தண்ணி நின்னு எத்தன வருசமாச்சு" என்றாராம் அப்பத்தா. அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வயிறு வளர்த்தவர் அவர். எந்த வருடம் மடை அடைத்தது, எந்தப் பக்கம் முதலில் முள் ஏறியது என்று கையால் படத்தில் தொட்டுக் காட்டியிருக்கிறார். செயற்கைக்கோள் சொல்வதைத் தரையில் போய்ச் சரிபார்ப்பதற்கு அறிவியலில் தனியாக ஒரு கட்டம் உண்டு. மாணவி தன் அறிக்கையில் அந்த இடத்தில் அப்பத்தாவின் பெயரையும் வயதையும் எழுதினாள்.

"இத எழுதிக் குடுத்தா தூரெடுப்பாங்களா?" என்று அப்பத்தா கேட்டிருக்கிறார். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுவோடு இந்தப் படத்தையும் வைக்கப்போகிறாள் மாணவி. அப்பத்தாவும் கூட வருவாராம். இதுவரை அவர் ஒரு கிராம சபைக்கும் போனதில்லை.