அடைக்கலமும் அடையாளமும்

பெசன்ட் நகர்க் கடற்கரையிலே, மணலின் நடுவே, வெண்ணிறத்தில் நிற்கிறது ஒரு நினைவுச் சின்னம். மாலையில் காற்று வாங்க வருவோர் அதன் நிழலில் அமர்கின்றனர், சுண்டல் தின்கின்றனர், எழுந்து போகின்றனர். யாருக்காக எழுப்பப்பட்டது அது? ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவனுக்காக. 1930-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இந்தக் கடலில் தத்தளித்தோரைக் காக்கப் பாய்ந்தான். அந்த முயற்சியில் தன் உயிரை இழந்தான்.

பாயுமுன் அவன் கேட்டானா, "எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய்?" என்று? கேட்டிருந்தால், விடை வருமுன் உயிர் போயிருக்கும்!

கரையில் நின்றவன் கேட்காத அந்தக் கேள்வியை, நாடாளும் சட்டம் கேட்கிறது. 2019-இல் நிறைவேறி, 2024 மார்ச்சில் விதிகளும் வகுக்கப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்களுக்கு வழி திறக்கிறது. எல்லோருக்குமா? இல்லை. இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் என்று ஆறு பெயர்கள். அத்தோடு முடிகிறது பட்டியல். அதனால் பயன் பெறும் சீக்கியர் மீதோ இந்து மீதோ நமக்குக் காழ்ப்பு இல்லை. அவர்கள் பட்ட துன்பம் மெய். பட்டியலில் இருப்போரை நீக்கு என்று நாம் சொல்லவில்லை. பட்டியலையே நீக்கு என்கிறோம்.

தோழர்களே, நம்மைப் போன்றவனுக்கு அந்தப் பட்டியலில் இடம் எங்கே? 2015 பிப்ரவரியில், டாக்கா நகரில், புத்தகக் காட்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எழுத்தாளர் அவிஜித் ராய் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பகுத்தறிவு பேசினார் என்பதே குற்றம். அவர் வழியில் எழுதும் ஒருவன், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மதத்தை உதறியவன், உயிருக்குத் தப்பி எல்லை தாண்டி வருகிறான் என்று வையுங்கள். எந்தக் கட்டத்தில் அவன் குறியிடுவான்? கடவுளின் பெயரால் விரட்டப்பட்டவன், கடவுள் இல்லாததால் வாயிலில் நிறுத்தப்படுவான்!

இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த அம்மையாரின் கதையும் இதுதான். அன்னி பெசன்ட் என்றால் பிரம்மஞான சபையும் ஹோம் ரூலும் நம் நினைவுக்கு வரும். நீதிக்கட்சியினர் அவரை எதிர்த்தனர். அந்த வழக்கில் நான் நீதிக்கட்சியின் பக்கமே. ஆனால் அதற்கெல்லாம் முன்னர், இங்கிலாந்தில், பிராட்லாவின் தோழராய் நாத்திகம் பேசிய நாட்களில், 1878-இல், அவருடைய சிறு மகளை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. கடவுளை மறுத்தவள் என்பதும் காரணங்களில் ஒன்று.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் ஐந்து காரணங்களை ஏற்கிறது: இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்து. அங்கே மதம் ஐந்தில் ஒன்று. அதுவும் ஆறு மதமன்று, எந்த மதமும். இந்தியா அதில் இன்றுவரை கையொப்பமிடவில்லை.

சரி, இந்துவுக்காவது கதவு திறந்ததா? ஈழத்தைப் பாருங்கள். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றனர். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தனர். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். கடல் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்களே. ஆயினும் பட்டியலில் இலங்கை இல்லை. மொழிக்காகவும் அரசியல் உரிமைக்காகவும் அடிபட்டவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் அடிபட்டவனே அல்லன்! 2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் சூட்டிற்று. வீடும் கல்வியும் தர நிதி ஒதுக்கிற்று. நல்லது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 தொடக்கத்திற்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை. முகாமிலே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவன் எந்த நாட்டான்?

அதே ஆண்டு மே மாதத்தில், ஈழத்தவர் ஒருவரின் வழக்கில், இந்தியா ஒன்றும் சத்திரம் அன்று என்று உச்சநீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சத்திரத்துக்கு வருகிறவன் வழிப்போக்கன். விடிந்தால் போவதற்கு அவனுக்கு ஊர் உண்டு. ஊரே இல்லாதவனைப் பற்றி அல்லவா பேசுகிறோம்! படகில் இடம் எவ்வளவு என்பது நேர்மையான கேள்வி. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் இடம் இருக்கையில் சாமியைக் கேட்டு ஏற்றுவது வேறு வகை.

இத்தனையும் ஒருநாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்தான். "ஈழத்தவர் நம் தமிழர், ஐயா. அவர்களைக் காக்கத்தான் வேண்டும். கேளம்பாக்கத்தில் தங்கவைத்தார்களே ரோஹிங்கியாக்களை, அவர்கள் நமக்கு யார்?"

எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. ஏன்? மேடைகளில் 'தொப்புள்கொடி உறவு' என்று முழங்கியவன் நான். சாமியை அளவுகோலாக்கியவனைச் சாடிவிட்டு, மொழியை அளவுகோலாக்கி வைத்திருந்தேன். உறவு நம் கண்ணைத் திறக்கிறது என்பது உண்மை. ஈழம் இல்லாவிட்டால் அகதி என்ற சொல்லே நமக்கு உறைத்திராது. திறந்த கண் உறவை மட்டுமே பார்ப்பேன் என்றால்?

அன்றிரவு பர்மாவைப் பற்றி எண்ணினேன். 1942-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி, காடும் மலையும் கடந்து நடந்தே வந்த தமிழர் எத்தனை பேர்! 1964-இல் நீ வின் ஆட்சி கடைகளைப் பறித்தபோது கப்பலேறி வந்தவர் எத்தனை பேர்! பாரிமுனைக்கருகே பர்மா பஜார் என்ற பெயர் அவர்களால் வந்தது. அதே பர்மாதான் 1982-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் செய்து ரோஹிங்கியாக்களை நாடற்றவராக்கியது. 1948-இல் மலையகத் தமிழருக்கு இலங்கை செய்ததும் அதுவே. 2017-இல் ஏழு இலட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்குள் ஓடினர்.

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன். "உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் உண்டா?" என்று கேட்டேன்.

"கொள்ளுத்தாத்தா நடந்தே வந்தாராம், ஐயா. வழியில் மலை ஊர்களில் யார் யாரோ சோறு போட்டார்களாம். இல்லாவிட்டால் செத்திருப்பேன் என்று சொல்வாராம்."

"யார் அவர்கள்? என்ன மொழி பேசினார்கள்?"

சற்று யோசித்தான். "அதை அவர் சொன்னதாக வீட்டில் யாரும் சொல்லவில்லை, ஐயா" என்றான்.