பிடித்ததும் வந்ததும்

ஆவேசம் என்பது ஒருவர் உடலில் வேறொன்று புகுந்து, அவர் வாயால் பேசி, அவர் கைகால்களால் ஆடுவதாகக் கொள்ளப்படும் நிலை. தமிழ் வழக்கில் இதற்கு இரண்டு வினைகள் உண்டு: பேய் பிடிக்கும், சாமி வரும். நடுக்கம், அவிழ்ந்த கூந்தல், மாறிய குரல் எல்லாம் இரண்டுக்கும் பொது. பிடித்தால் விரட்டுகிறார்கள், வந்தால் கும்பிடுகிறார்கள். எது பிடித்தது, எது வந்தது என்று தீர்மானிப்பவர்கள் சுற்றி நிற்பவர்களே. ஆடுகிறவளிடம் அதைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் பேசும் குரல் யாருடையது என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத் தென்மேற்கில், பெர்ணம் ஆற்றை ஒட்டிய ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் இது ஏட்டுக் கேள்வியன்று. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டமும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் ரப்பர், தென்னை, செம்பனை என்று தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் வளர்ந்தவை. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு நடுவே மாரியம்மன், எல்லையில் முனியாண்டி, மதுரைவீரன் என்று தெய்வங்களும் கூடவே குடியேறின. திருவிழாவில் யாருக்குச் சாமி வரும் என்பது தோட்டத்துக்கே தெரியும். அந்தி நேரத்தில் மரத்தடிப் பக்கம் போன வயசுப் பெண் திடீரென்று சோர்ந்தால் ‘காத்து கருப்பு’ என்பார்கள். திருநீறு போட்டு, வேப்பிலை அடித்து, கயிறு கட்டுவார்கள். அடுத்த கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் ஹந்து என்பார்கள், போந்தியானாக் என்ற பெண்பேய் என்பார்கள், பேயோட்டும் போமோவை அழைப்பார்கள். அவசரத்துக்கு ஒரு சமூகம் மற்றதன் பரிகாரியை நாடுவதும் பழைய வழக்கமே.

தோட்டத்துப் பிள்ளைகளும் கம்பத்துப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளி விடுதிகளுக்குப் போகும்போது இந்த நம்பிக்கைகளும் உடன் போகின்றன. மலேசியப் பள்ளி விடுதிகளில் ‘ஹிஸ்தீரியா’ என்பது எல்லோரும் அறிந்த சொல். ஒரு மாணவி அலறுகிறாள், கறுப்பு உருவம் தெரிவதாகச் சொல்கிறாள். சற்று நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி, பிறகு வகுப்பே. கிளந்தானின் பெங்காலான் செப்பாவில் உள்ள ஒரு பள்ளியில் 2016 ஏப்ரலில் மாணவியரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 100 பேர் பாதிக்கப்பட்டு, அது தற்காலிகமாக மூடப்பட்டது. பெரும்பாலும் மலாய் மாணவியரிடையே காணப்படுவது என்றாலும், அதே கூடத்தில் உறங்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த இரவின் பயம் பொதுதான்.

ஆங்கில இளையோர் புனைகதையின் விடுதி இதற்கு நேர்மாறானது. ஜில் மர்ஃபி 1974-இல் வெளியிட்ட ‘தி வொர்ஸ்ட் விட்ச்’ சூனியக்காரச் சிறுமிகளுக்கென்றே ஒரு பள்ளியைப் படைத்தது. 1997-இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசை அத்தகைய விடுதி வாழ்க்கையை உலகெங்கும் கொண்டுபோனது. அங்கே மாயம் ஒரு பாடம். அட்டவணை உண்டு, தேர்வு உண்டு, பயிற்சியால் கைவரும். சக்தி அந்தப் பெண்ணுடையது. அவள் அதைச் செலுத்துகிறாள். மலேசிய விடுதியிலோ ஏதோ ஒன்று அவளைச் செலுத்துகிறது. 1692-இல் மாசச்சூசெட்ஸின் சேலத்தில் இந்த இரண்டு பாத்திரங்களும் வெவ்வேறு ஆட்களாக இருந்தன: வலிப்புக் கண்டவர்கள் 9 வயதும் 11 வயதுமான சிறுமியரில் தொடங்கிய இளம்பெண்கள், சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் வேறு ஆட்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் கற்களின் கீழ் நசுக்கிக் கொல்லப்பட்டார். மலேசியாவில் பழி பொதுவாக மனிதர் மேல் விழாமல் மரத்தின் மேலும் மண்ணின் மேலும் விழுகிறது. இது சிறிய ஆறுதலன்று. 

தமிழ் இலக்கியம் இந்தச் சிக்கலை மிகப் பழங்காலத்திலேயே கூர்மையாக எடுத்துக்கொண்டது. குறிஞ்சித் திணையின் வெறியாட்டில், மெலிந்து வாடும் மகளைக் கண்டு தாய் முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு உருட்டிக் குறி பார்த்து, முருகன் அணங்கியதே, அதாவது வருத்தியதே, காரணம் என்கிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. மகளின் நோய்க்குக் காரணம் மலைநாட்டுத் தலைவன் மேல் கொண்ட காதல் என்பது அவளுடைய தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34-ஆம் பாட்டில் அவள் முருகனையே அறியாதவன் என்று சொல்லிவிடுகிறாள்: தன்னால் வந்த நோயன்று என்று தெரிந்திருந்தும் வேலன் அழைத்தவுடன் வந்து நின்றுவிட்டானாம். தெய்வம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. பெண்ணின் வாயிலிருந்து வரவேண்டிய காரணத்தைத் தெய்வத்தின் மேல் ஏற்றுவதைத்தான் மறுக்கிறாள்.

இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் வேறு வழியில் தோழியின் இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். விடுதி ஒன்றில் நிகழ்ந்த தொடர் அலறலை ஆராய்ந்து 1975-இல் தியோ ஜின் இன் முதலானோர் வெளியிட்ட கட்டுரை, அதற்குப் பின்னால் நிர்வாகத்தோடு மாணவியருக்கு இருந்த மனக்கசப்பைக் கண்டது. சிலாங்கூர்த் தொழிற்சாலைகளின் இளம் மலாய்ப் பெண்களைப் பற்றி அய்வா ஓங் 1987-இல் எழுதிய நூல், அவர்களைப் பிடித்த ஆவிகளை உழைப்பின் இறுக்கத்துக்கு எதிரான குரலாகப் படித்தது. மனநல மருத்துவம் நினைவும் தன்னுணர்வும் பிரிந்துபோகும் நிலையைப் பேசுகிறது. இதனால் அந்தப் பெண் நடிக்கிறாள் என்று ஆகிவிடாது. தன் சொல்லைத் தன் சொல் என்று ஏற்க முடியாத நிலையும் பொய்யும் வெவ்வேறு; இந்த வேறுபாட்டை மறந்தவர்களே அவளை அடிக்கவும் அவமானப்படுத்தவும் துணிகிறார்கள்.

சமயத் தத்துவம் இங்கே எதிர்பாராத அளவுக்கு உதவுகிறது. முத்தியில் உயிர் சிவத்தன்மை பெறுவது எப்படி என்பதில் சைவப் பிரிவுகள் வேறுபட்டன. பேய் ஒருவனைப் பிடிப்பதுபோலச் சிவனின் குணங்கள் உயிரில் புகுகின்றன என்பது காபாலிகர்க்கு உரியதாகச் சொல்லப்படும் ஆவேச வாதம். சைவ சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. புகுந்த குணம் பிடித்தவனுடையதாகவே இருக்கும். பிடிபட்டவனுக்கு அதில் உரிமையில்லை. அறிவும் செயலும் உயிருக்கே உரியவை, ஆணவ மலம் என்னும் அழுக்கு அவற்றை மறைத்திருக்கிறது, அருளால் மறைப்பு நீங்க அவை வெளிப்படுகின்றன என்பது அதன் கொள்கை. இறைவனே வந்தாலும் உயிரை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காருவதில்லை என்றால், ஆடும் பெண்ணை ஆளில்லாத வீடாகக் கருத எந்தப் பூசாரிக்கும் உரிமையில்லை.

ஆனால் தோட்டத்துக் கோயில் நடைமுறையில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைத் தத்துவத்தின் பெயரால் தள்ளிவிட முடியாது. பேயோட்டும் பூசாரி முதலில் அடிப்பதில்லை, கேட்கிறார்: நீ யார், எங்கே பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும்? வீட்டில் யாரும் கேட்டிராத கேள்விக்கு, பேயின் பெயரால் பெண் பதில் சொல்கிறாள். கேட்டது கிடைத்துப் பேயும் போய்விடுகிறது. விடுதிகளில் ஓதுவோரை அழைப்பது, மரத்தை வெட்டுவது, மாணவியரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிந்துபோகும்போது இந்த உரையாடல்தான் விடுபடுகிறது.

பேய் என்ற பெயரைத் தானே விரும்பி ஏற்ற ஒரு பெண்ணும் இந்த மரபில் உண்டு. கணவன் விட்டுப் பிரிந்தபின், காரைக்கால் அம்மையார் என்று அறியப்படும் புனிதவதி, தசையாலான அழகை உதறிப் பேய் வடிவம் வேண்டும் என்று சிவனிடம் கேட்டுப் பெற்றார். பாடல்களிலும் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறித்துக்கொண்டார். அவரை எதுவும் பிடிக்கவில்லை; பாடிய குரல் கடைசிவரை அவருடையது. தலையால் நடந்து கயிலைக்கு வந்தவரைச் சிவன் ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, எலும்பும் தோலுமான அந்த உருவம் அமர்ந்திருக்கிறது.