ஏகாந்தமான இடம் எது?

உழைக்கிறவன் இளைப்பாற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாம் இளைப்பாறப் போகிற இடத்தில் ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாது? விடுமுறை நாட்களில் இதைச் சற்று யோசிப்பது ஆத்துமத்துக்கு நன்மை பயக்கும்.

குளிர் மிகுந்த வட தேசங்களில் அடுப்பும் படுக்கையும் உள்ள வண்டியிலேயே குடும்பத்தோடு புறப்பட்டு, தொலைதூர ஏரிக்கரையில் இரவு தங்கிப் போகிறவர்கள் உண்டு. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாசிகளாகிய நமக்கு வேனும் அண்டாவும் பாயும் போதும். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்று, மகிமை மாதா கோவிலில் ஜெபித்துவிட்டு, ஏரிக்கரையில் கட்டுச்சோற்றை அவிழ்க்கிறோம். இந்தியாவிலுள்ள உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது அது. பருவத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும். துறைமுக இரைச்சலும் ஆலைப் புகையும் கண்டு சலித்த நாம், "ஆகா, ஆளில்லாத இடம்!" என்று மகிழ்கிறோம்.

மெய்யாகவே அது ஆளில்லாத இடமா? அந்தத் தண்ணீரில் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்டலாம் என்று மீனவர்கள் முறை வகுத்திருக்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். நமக்கு வெறும் நீர்ப்பரப்பாகத் தோன்றுவது அவர்களுக்கு எல்லை பிரித்த வயல். கரையோர ஆழமில்லாத நீரில் இருளர் மக்கள், பெண்கள் உட்பட, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையில்லை, படகில்லை; கைதான் அவர்கள் முதல். நாம் விளையாட்டாக உடைத்தெறிந்த ஒரு கண்ணாடிப் புட்டி அந்தக் கையை என்ன செய்யும்? வெட்டுண்ட கைக்கு மறுநாள் கூலி யார் கொடுப்பார்?

அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 6-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். உண்ணவும் நேரமின்றிக் களைத்த அப்போஸ்தலர்களைச் சேசுநாதர் இளைப்பாறும்படி படகில் ஏகாந்தமான இடத்துக்கு அழைத்துப் போகிறார். இராயபுரத்துக்குப் பெயர் தந்த அர்ச். இராயப்பரும் அவர்களில் ஒருவர். கரை சேர்ந்தால் அங்கே பெருங்கூட்டம்! நம் ஆண்டவர் சலித்துக்கொள்ளவில்லை. மனமிரங்கினார், போதித்தார், பசியாற்றினார். இறுதியில் மீதியான துண்டுகளைச் சேர்த்து 12 கூடை நிரப்பினார்கள். நாம் உண்டு எழுந்த இடத்தில் என்னென்ன கிடக்கிறது?

"ஆறு நாள் மாடாய் உழைக்கிறோம், ஒரு நாள் இஷ்டம்போல் இருக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். ஓய்வு நாளைக் கற்பித்த அதே கட்டளை, அந்த ஓய்வை வேலைக்காரனுக்கும் அந்நியனுக்கும் வாயில்லா மிருகத்துக்கும் சேர்த்தே கற்பித்தது. பிறனுடைய பிழைப்பைக் கெடுத்து அடைகிற ஓய்வுக்கு அந்தக் கட்டளையில் இடமில்லை. "ஏரி சர்வேசுரன் படைத்தது, எல்லாருக்கும் பொது" என்பார்கள் வேறு சிலர். உண்மை. பொதுவானதை எப்படி அநுபவிப்பது என்பதற்குப் பாடு முறையே சாட்சி. முறை வைத்துக்கொள்வதும், முறை முடிந்ததும் அடுத்தவனுக்குக் குறையின்றி விட்டுக்கொடுப்பதுமே பொதுவின் தருமம்.

இந்தப் பாடம் மற்ற ஊராரைவிட நமக்கு எளிதாய் விளங்க வேண்டும். எண்ணூர்க் கழியையும் அதன் சதுப்பு நிலத்தையும் வெற்றிடம் என்று எண்ணியதால்தான் அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தபோது, படகும் வலையும் கறுத்து, வாரக்கணக்கில் தொழிலின்றி நின்றவர்கள் நம் பக்கத்து வீட்டார். "இங்கே மனிதர் இருக்கிறோம் என்பது உங்கள் கண்ணில் படவில்லையா?" என்று அன்று நாம் கேட்டோம். கேட்பது நியாயமே. அதே கேள்வியைப் பழவேற்காட்டார் நம்மைப் பார்த்துக் கேட்கும்படி நாம் நடக்கலாமா? ஆலை செய்த கேடும் ஒரு வேன் கூட்டம் செய்கிற கேடும் அளவில் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் வேர், அங்கே இருப்பவனை இல்லாதவனாக எண்ணும் மனம்.

ஆகையால், அடுத்த முறை போகும்போது மூன்று காரியங்களை அநுசரிப்போம். வலை உலரும் இடத்தில் வண்டியை நிறுத்துமுன் அங்குள்ளவரிடம் கேட்போம். அவர்கள் விற்கும் மீனையும் இறாலையும் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாமல் வாங்குவோம். கொண்டுபோன புட்டியையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப வேனிலேயே ஏற்றுவோம். பிள்ளைகளுக்கும் இவற்றைப் புறப்படுமுன்பே சொல்லிவைப்போம். அங்கே போய் அதட்டுவதைவிட அது நல்லது.